ஏற்காட்டுல பூத்த செடி சேலத்துக்கு வந்ததும் ஏன் படுத்துக்குது?

கேள்வி: போன வருஷம் கோடை விழா பாக்கப் போனப்ப ஏற்காட்டு நர்சரி ஒண்ணுல 3 ஹைட்ராஞ்சியா, 2 ஜெரேனியம், ஒரு சிவப்பு ரோஸ் வாங்கிட்டு வந்து அழகாபுரத்துல எங்க மொட்டை மாடியில வச்சேன். ஜெரேனியம் ஒரே மாசத்துல அழுகிடுச்சு. ஹைட்ராஞ்சியால ஒண்ணுதான் பொழச்சுது, நீலமா வாங்குனது இந்த வருஷம் ரோஸ் கலர்ல ஒரு கொத்து பூத்துது. ரோஸ் மட்டும் ஆளுயரம் வளருது, மொட்டே இல்ல. ஏமாந்துட்டேனா?

பதில்: ஏமாத்துனாங்கன்னு சொல்ல முடியாதுக்கா, ஆனா விக்கறவங்க சொல்லிருக்கணும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், நம்ம ஊரு 300 மீட்டர் கூட இல்ல, ஆயிரம் மீட்டர் ஏறுனா 6, 7 டிகிரி குறையும்னு வச்சுக்கிட்டா 20 கொண்டை ஊசி வளைவு இறங்குறதுக்குள்ள செடிக்கு 8 டிகிரி சூடு ஏறிடுது. பகல் வெயிலக்கூட நெட் கட்டி சமாளிச்சிரலாம், ராத்திரிதான் பிரச்சனை. மாடித்தளம் பகல் பூரா வாங்குன சூட்ட விடிய விடிய கக்கும், ஜெரேனியத்துக்கு அது ஆகவே ஆகாது. வாடுதேன்னு நாம இன்னும் ரெண்டு மக் தண்ணி ஊத்துவோம், தண்டு அழுகும், கதை முடிஞ்சது.

ரோஸ் விஷயம் வேற. நர்சரி ரோஸ் பெரும்பாலும் ஒட்டுச்செடி, கீழ காட்டு ரோஸ் வேரு, மேல நீங்க காசு குடுத்த ரகம். அடியில முடிச்சு மாதிரி வீங்கின இடம் இருக்கும், தடவிப் பாருங்க. அந்த ஆளுயரக் கொம்பு முடிச்சுக்குக் கீழருந்து கெளம்பிருந்தா அது காட்டுக் கொம்பு, சத்த எல்லாம் அதுவே இழுத்துக்கும். தயவு பாக்காம அடியோட பிச்சு எடுத்துருங்க, மேலாக்க வெட்டுனா திரும்பத் துளிர்க்கும். முடிச்சுக்கு மேல பச்சையா ஒரு கொம்புகூட இல்லன்னா ஒட்டு செத்துருச்சு, அந்தச் செடிய வச்சுப் பிரயோஜனமில்ல.

அடுத்த தடவ பூவப் பாத்து மயங்காதீங்க (நானும் மயங்கிருக்கேன், அது வேற கதை). பூ நிறைஞ்ச செடிய விட மொட்டு வச்ச செடி மேல். தண்ட லேசா ஆட்டுனா வேரோட கெட்டியா நிக்கணும். வேரச் சுத்தி களிமண் உருண்டை இருந்தா தொட்டி மாத்தறப்ப ஓரத்த மட்டும் பதமா உதுத்து விடுங்க, இல்லன்னா தண்ணி உள்ள எறங்காம சுத்தி வழிஞ்சு ஓடிரும். வாங்கிட்டு வந்த அன்னிக்கே மாத்தாம ஒரு பத்து நாள் நெழல்ல வைங்க. மாடி வெயிலுக்கு பன்னீர் ரோஸ், இட்லிப்பூ, குண்டுமல்லி, அரளி போதும், பனமரத்துப்பட்டி பக்கம் அரளி எப்படி நிக்குதுன்னு போய்ப் பாத்தாலே தெரியும்.

பொழச்ச ஹைட்ராஞ்சியாவ கெழக்குப் பாத்த பால்கனி நெழலுக்கு மாத்துங்க. கலர் மாறுனதுக்கு நம்ம போர் தண்ணிதான் காரணமா இருக்கும், உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி. மண்ணு புளிப்பா இருந்தாத்தான் அந்தச் செடி அலுமினியத்த உறிஞ்சி நீலமாகும். மழைத்தண்ணி பிடிச்சு, லிட்டருக்கு கால் ஸ்பூன் படிகாரம் கரைச்சு பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ ஊத்துங்க, பூத்து முடிஞ்சப்புறம் கிளைய ஒட்ட வெட்டிராதீங்க, அடுத்த பூ பழைய கிளை நுனியிலதான் வரும்.