சாமி கும்பிடுகிறவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

கேள்வி: தினமும் விளக்கேற்றிச் சாமி கும்பிடுகிறவள் நான். நம்பிக்கை உள்ளவர்கள் எல்லோரும் அரசியலில் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும், நம் மதத்துக்கு ஒவ்வாததைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும் என்கிறார் என் அண்ணன். மறுத்துப் பேசினால் "உன் பக்தியெல்லாம் வேஷம்" என்கிறார். அலுவலகத் தோழியோ, மதம் பூஜை அறையைத் தாண்டக் கூடாது, சட்டமும் அதன் பக்கம் போகக் கூடாது என்கிறாள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நான்தான் குழம்பிப் போயிருக்கிறேனா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் குழம்பவில்லை. இரண்டு பேச்சிலும் ஏதோ இடிக்கிறது என்று உங்களுக்குப் பட்டிருக்கிறதே, அது சரிதான்.

முதலில் தோழி சொல்வதைப் பார்ப்போம். மதம் பூஜை அறைக்குள்ளேயே இருந்திருந்தால் சட்டத்துக்கு அங்கே வேலை வந்திருக்காது. ஆனால் எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் இறங்கலாம், எந்த வாசலோடு யார் நின்றுவிட வேண்டும் என்றெல்லாம் மதத்தின் பெயரால்தான் நம்மிடம் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களை அழைத்துக்கொண்டு போனார் வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர். அவர் சாமி இல்லை என்று சொன்னவர் அல்ல, அந்த அம்மனைக் கும்பிடுகிறவர். அப்படிப் போனவர்களையும் உள்ளே விட்ட கோயில் நிர்வாகத்தையும் வழக்குகளிலிருந்து காப்பாற்ற ராஜாஜியின் அரசு அதே ஆண்டு ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் கோயிலுக்குள் வரவே கூடாது என்றால் அன்றைக்கு அவர்களெல்லாம் மறுபடி வாசலுக்கு வெளியேதான் போயிருப்பார்கள்.

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கமும் மதத்தின் பெயரால்தான் நடந்தது. அதை எதிர்த்துச் சட்டமன்றத்திலும் வெளியேயும் பல ஆண்டுகள் போராடினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டம் நிறைவேறியது 1947இல்தான். தேவதாசிகளிலேயே பலர் அதை எதிர்த்தார்கள், எங்கள் பிழைப்பும் கலையும் போய்விடும் என்றார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் பேசக்கூடத் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை வேறு யாரோ முடிவு செய்வதைச் சட்டம் தடுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உங்கள் அண்ணன், "பார், நானும் அதைத்தான் சொல்கிறேன், தப்பைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்" என்று சொல்லலாம். அங்கேதான் நிதானிக்க வேண்டும். எது தப்பு என்று சொல்வது யார்?

தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2003இல் அன்றைய அரசு திடீரென்று அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும் கிராமங்கள் திகைத்துப் போயின. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களிடம், நீங்கள் கும்பிடும் முறை குற்றம் என்று சட்டம் சொன்னது. கடைசியில் 2004இல் அந்தச் சட்டமே விலக்கப்பட்டது. உயிர் மேல் இரக்கம் கொண்டு பலியை எதிர்க்கிறவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசட்டும், மனதை மாற்றட்டும். ஆனால் சந்தையில் விற்கலாம், கடையில் வெட்டலாம், சாமி முன்னால் மட்டும் கூடாது என்பது ஒரு சாராரின் ஆசாரத்தை மற்றவர் மேல் சுமத்துவதுதான். ஒரே மதத்துக்குள்ளேயே இப்படி என்றால், "நம் மதத்துக்கு ஒவ்வாதது" என்று அண்ணன் சொல்லும்போது அந்த "நம்" யார் என்று அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன், அந்தக் கட்டுப்பாட்டின் பாரம் யார் தலையில் விழுகிறது? நான் விரதம் இருந்தால் பசி எனக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் பட்டினி கிடக்க வேண்டும் என்று சட்டம் கேட்டால் அதில் பக்தி எங்கே இருக்கிறது?

நம் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவும் கிட்டத்தட்ட இப்படித்தான் போகிறது. மனசாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று ஓர் எல்லையும் போடுகிறது. "ஒழுக்கம்" என்ற சொல்தான் சிக்கல், பெரும்பான்மை முகம் சுளிப்பதெல்லாம் ஒழுக்கக்கேடு என்று அர்த்தம் பண்ணிவிட்டால் அந்தச் சுதந்திரத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. கேரளத்தில் 1985இல் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்ற அந்தப் பிள்ளைகள், தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று பாட மட்டும் மறுத்தார்கள். ஊரெல்லாம் கோபப்படக்கூடிய விஷயம்தான். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. பத்து முதல் ஐம்பது வயதுவரை உள்ள பெண்கள் சபரிமலைக்குப் போகலாமா என்ற வழக்கில், போகலாம் என்று 2018இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி, இந்து மல்ஹோத்ரா, ஒரு பெண். மத விஷயத்தில் பகுத்தறிவை அளவுகோலாக வைத்து நீதிமன்றம் நுழையக் கூடாது என்றார் அவர். 2019இல் அதிலிருந்த கேள்விகள் இன்னும் பெரிய அமர்வுக்குப் போயின. என் மனம் மலை ஏற விரும்பும் பெண்களின் பக்கம்தான், ஏனென்றால் தடையின் பாரம் அவர்கள் மேல் விழுகிறது. அந்த வயது கடக்கும்வரை காத்திருக்க விரும்பும் பெண்ணை எந்தச் சட்டமும் வலுக்கட்டாயமாக ஏற்றப் போவதில்லையே. ஆனால் ஒரு மதத்துக்கு எது அத்தியாவசியம், எது இல்லை என்று நீதிபதி உட்கார்ந்து பிரிக்கும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சரி, அரசியல். மதத்தின் பெயரால் வேட்பாளர் ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு, நிரூபணமானால் அவர் வென்ற தேர்தலே செல்லாமல் போகலாம். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நம்பிக்கை உள்ளவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று அண்ணன் உங்களிடம் வீட்டில் பேசுவதை, ஒரு வேட்பாளர் மேடையில் பேசி ஓட்டுக் கேட்க முடியாது. அந்தத் தடை சாமிக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுக் கணக்கு மதத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண் ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 1985இல் நீதிமன்றம் சொன்னது, எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் சட்டம் போட்டது. மதத் தலைவர்களும் அரசும் பேசி முடித்துக்கொண்டார்கள், நடுவில் அந்த வயதான பெண்ணின் குரலை யார் கேட்டார்கள்? ஓட்டுக்காக மதத்தைத் தொடுகிற எந்தக் கட்சியிடமும் இதே கதிதான். முதலில் கைவிடப்படுவது அந்த மதத்துக்குள்ளேயே பலமில்லாதவர்கள்.

அண்ணனிடம் இத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள், சண்டைதான் வரும். மதுரைக் கதையை மட்டும் சொல்லுங்கள். வைத்தியநாத ஐயரின் பக்தியும் வேஷமா என்று அமைதியாகக் கேளுங்கள். அப்புறம் அவர் பேசட்டும், குறுக்கே பேசாமல் கேளுங்கள், அவருக்கும் ஏதோ பயம் இருக்கும், தன் சாமியை யாரோ இழிவுபடுத்துகிறார்கள் என்ற வருத்தம் இருக்கும், அதற்கு முழுப் பதிலும் உங்களிடம் இல்லாமல் போகலாம். ஓட்டு யாருக்கு என்பதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக் காலையும் எப்போதும் போல விளக்கேற்றுங்கள்.