பல்லாண்டு வாழ்க: ஆறு கைதிகளும் ஒரு காவலரும்

ஐயா,

‘பல்லாண்டு வாழ்க’ படத்தை நீங்கள் பாராட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு கொடிய கைதிகள் எம்.ஜி.ஆர் நடித்த ஒரு நல்ல சிறை அதிகாரியின் அன்பினால் மிக எளிதாகத் திருந்திவிடுகிறார்கள். அவர்கள் செய்த குற்றத்தின் பாரம் படத்தில் எங்கே இருக்கிறது? கொழும்பு பொரளையில் வெலிக்கடைச் சிறையின் மதிலைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போகிறவன் நான். 1983 ஜூலையில் அந்த மதிலுக்குள் நடந்ததை அறிந்த ஒரு தமிழன் இக்கதையை எப்படி நம்புவது?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

குற்றத்தின் பாரத்தை, படம் வெளிவந்த 1975இன் பார்வையாளர்கள் தம்மோடு கொண்டுவந்திருந்தார்கள். இயக்குநர் கே. சங்கர் கைதிகளாக நிறுத்தியவர்களில் எம். என். நம்பியாரும் பி. எஸ். வீரப்பாவும் ஆர். எஸ். மனோகரும் இருந்தனர், படம் படமாக எம்.ஜி.ஆருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்து, வாள் வீசி, மக்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட முகங்கள் அவை. கைகளைப் பிசைந்தபடி வஞ்சகம் பேசிய நம்பியாரையும், இடிபோலச் சிரித்த வீரப்பாவையும் தரிசு நிலத்தில் உழைப்பவர்களாகக் கண்டபோது, ஒரு பாத்திரத்தின் மனமாற்றத்தை மட்டுமல்ல, தாங்கள் நெடுங்காலம் வெறுத்துப் பழகிய மனிதர்களின் மனமாற்றத்தையும் சேர்த்தே மக்கள் பார்த்தார்கள். இந்த நடிகர் தேர்வையே படத்தின் மிகச் சிறந்த சிந்தனையாக நான் கருதுகிறேன். பழைய படங்களின் நினைவு இல்லாத இளைய தலைமுறைக்கு அந்தத் திருந்தல் எளிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி கனமானது. வெலிக்கடையில் அந்த ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள், அரசின் காவலில் இருந்த நிலையிலேயே, சக கைதிகளால் கொல்லப்பட்டார்கள். அதை மறந்துவிட்டு இப்படத்தைப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன். அதை நினைத்துக்கொண்டே பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால் கதையின் முதற்கேள்வி கைதி திருந்துவானா என்பதன்று, அவனைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் அதற்காக எதை இழக்கத் துணிவார் என்பதே. இதன் மூலமான, இயக்குநர் வி. சாந்தாராமின் இந்திப் படம் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ (1957), இன்றைய மகாராஷ்டிரத்திலிருந்த அவுந்த் சமஸ்தானத்தில் 1939இல் தொடங்கப்பட்ட சுதந்திரபூர் திறந்தவெளிச் சிறையின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் வரும் அதிகாரி ஆறு கொலைக் கைதிகளை மதிலுக்கு வெளியே அழைத்துச் சென்று, அவர்கள் நடுவே தானும் வாழ்ந்து, இறுதியில் தன் உயிரையே கொடுக்கிறார். வெலிக்கடையில் இல்லாமற்போனது அத்தகைய காவல்தான்.

தமிழ்ப் படத்தில் எம்.ஜி.ஆரின் பிம்பம் சில இடங்களில் கைதிகளை மறைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இந்தி மூலத்தையும் தேடிப் பாருங்கள். தாம் விளைவித்த காய்கறியை மலிவாக விற்கப் போன கைதிகளைப் போட்டி வியாபாரியின் ஆட்கள் தாக்கும்போது, அடிக்கமாட்டோம் என்று அதிகாரிக்குக் கொடுத்த வாக்குக்காக அவர்கள் அடிகளைத் தாங்கிக்கொள்ளும் காட்சி அதில் உண்டு. நீங்கள் தேடுகிற பாரத்தை அங்கே காண்பீர்கள்.