பெருங்காயத்தில் கோதுமை, மோர் மிளகாயில் பால்
வாசகர் கேள்வி – பதில்

எங்கள் மகனுக்கு ஒன்றேகால் வயது. பசும்பால் புரத ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுண்டக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஆட்டுப்பால் கொடு என்கிறார் மாமியார். நெய்யாவது சேர்க்கலாமா?
– வாசகி, மதுரை

மூன்றும் வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்புவது பாலின் புரதம். அதில் பெரும்பங்கான கேசின், அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசைந்துகொடுக்காது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்களும் ஏறக்குறைய அதே சாயல்தான். பசும்பால் ஒவ்வாமை உள்ள பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. நெய் வெறும் கொழுப்புதானே என்று தோன்றும். வெண்ணெய் காய்ச்சும்போது அடியில் தங்குகிறதே கசண்டு, அதில் பால் புரதம் இருக்கிறது. எவ்வளவு வடிகட்டினாலும் சிறிது நெய்யோடு வந்துவிடும்.

லாக்டோஸ் செரியாமையையும் இதையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது பால் சர்க்கரை செரிக்காத கோளாறு. வயிறு உப்பும், பேதியாகும், ஆனால் தயிர் பலருக்கு ஒத்துப்போகும். புரத ஒவ்வாமையில் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சிரைப்பு வரை போகலாம். தயிரும் மோரும் கூடாது. ‘லாக்டோஸ் நீக்கியது’ என்று விற்கும் பாலும் உங்கள் பிள்ளைக்கு உதவாது. சர்க்கரைதான் போயிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது.

பாலை நிறுத்தியும் தடிப்பு வருகிறதென்றால் மோர் மிளகாயைப் பாருங்கள். குழந்தை மிளகாய் தின்னாது, சரி. அதைப் பொரித்த எண்ணெயில்தானே அப்பளமும் பொரிகிறது? பரோட்டா மாவு, பிரெட், பிஸ்கட், கடைச் சத்துமாவு ஆகியவற்றிலும் பால் கலந்திருக்கலாம். பாக்கெட்டில் ‘வே’, ‘கேசினேட்’, ‘மில்க் சாலிட்ஸ்’ என்று இருந்தால் எல்லாம் பால்தான்.

1 முதல் 3 வயதுக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. உண்டு. ஆனால் இந்த வயதில் ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் உள்ளே போவது அபூர்வம். அதாவது 140 மி.கி. முளைகட்டி அரைத்தால் உடம்பில் சேர்வது கூடும். முருங்கைக்கீரை, எள், அசைவம் உண்டென்றால் முள்ளோடு மசித்த நெத்திலி எனச் சேர்த்தாலும் பற்றாக்குறை இருக்கத்தான் செய்யும். மிச்சத்துக்குச் சொட்டு மருந்தோ சிரப்போ டாக்டர் எழுதித் தருவார், அதைத் தட்டாதீர்கள். தேங்காய்ப்பாலைப் பாலுக்கு மாற்றாகக் குடிக்கக் கொடுப்பது தவறு. அதில் புரதமும் குறைவு, கால்சியமும் குறைவு.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது விலகிவிடும். விலகியதா என்று வீட்டில் ஒரு ஸ்பூன் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அதை டாக்டர் சொல்லும் நாளில், சொல்லும் முறையில் செய்யுங்கள்.

பால் ஒவ்வாமை உள்ள நான்கு வயது மகள் தயிர் சாதத்துக்கு அழுகிறாள். தேங்காய்ப்பாலில் தயிர் தோய்க்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். ஒரு மூடி தேங்காயை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்துக் கெட்டிப்பால் பிழியுங்கள். ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்புறம் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், கழுவித் துடைத்த பச்சைமிளகாய்க் காம்பு நாலைந்தை அமுக்கி வைத்து, 8 முதல் 10 மணி நேரம் மூடிவையுங்கள். காம்பில் இருக்கும் நுண்ணுயிரிகளே உறையாகிவிடும். வழக்கமான தயிரை உறையாக ஊற்றினால் பால் புரதம் வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் ஈடு நீர்த்திருக்கும், மிளகாய் நெடியும் அடிக்கும். அதைக் குழந்தைக்குக் கொடுக்காமல், அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றுங்கள். இரண்டாவது நன்றாக வரும். நூல்விட்டாலோ, மேலே நிறம் மாறினாலோ கொட்டிவிடுங்கள்.

ஆறு வயது மகனுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்). ஒரு வருடமாகக் கோதுமை வீட்டுக்குள்ளேயே வரவில்லை. அரிசியும் சிறுதானியமும்தான். ஆனாலும் டிடிஜி (இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை) அளவு இறங்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்தது. கட்டியாக இருந்தாலும் அப்படித்தான். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி, கடை அப்பளம் என்று மூன்று வேளையும் அது போய்க்கொண்டிருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள், தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டும் சுக்கும் போதும். ரசம் ஒன்றும் கெட்டுவிடாது.

இரண்டாவது, மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், அந்தக் கல்லில் ஒட்டியிருப்பது உங்கள் கேழ்வரகில் இறங்கும். குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மில் தூசி அதைச் சுலபமாகத் தாண்டும். ‘கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிவிட்டு அரைத்துத் தருகிறேன்’ என்பார் மில்காரர். அதை நம்ப வேண்டாம். தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள், சலிக்கும் சல்லடையும் புதிதாக இருக்கட்டும்.

மூன்றாவது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. ராகி சேமியா, தினை நூடுல்ஸ் என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும், பின்பக்கப் பட்டியலில் மைதா இருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று தாத்தா பாட்டிக்குச் சொல்லியிருக்கிறீர்களா? ‘சப்பாத்தி கொடுக்கவில்லை, உப்புமாதான் கொடுத்தேன்’ என்பது எத்தனையோ வீடுகளில் நடப்பது. பார்லி கஞ்சியும் மால்ட் கலந்த பானங்களும் கூடாது. சோயா சாஸில் கோதுமை இருக்கும்.

மற்றவர்களுக்குச் சப்பாத்தி செய்வதாக இருந்தால் பிள்ளையின் சமையலை முதலில் முடித்து மூடிவிடுங்கள். மாவு பறந்து படியும். தோசைக்கல், மரப்பலகை, குழவி தனியாக வேண்டும், எவர்சில்வர் பாத்திரம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். பூரி சுட்ட எண்ணெயில் அவனுக்கு எதுவும் பொரிக்காதீர்கள்.

இதே கடிதத்தில், தங்கைக்கும் வயிறு உப்புகிறது, கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தால்தான் சீலியாக் சோதனைக்கு அர்த்தம் உண்டு. உடன்பிறந்தவர்களுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டிய சோதனை இது.

சீலியாக் பிள்ளைக்கு அல்வா கொடுக்கலாமா? கோதுமையின் பாலைத்தானே எடுக்கிறோம், சக்கையைக் கொட்டிவிடுகிறோமே!
– வாசகி, திருநெல்வேலி

அந்தப் பாலில் குளூட்டனும் கலந்து வந்துவிடுகிறது. கூடாது. சோள மாவு அல்வா கிண்டிக் கொடுங்கள், மக்காச்சோள மாவு என்று லேபிளைப் பார்த்து வாங்கி.

ஒரே ரத்தப் பரிசோதனையில் 90 உணவுகளுக்கு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதில் 23 உணவுகள் சிவப்பில் இருக்கின்றன. அத்தனையையும் நிறுத்திவிட்டோம், பிள்ளை இளைத்துவிட்டான்.
– வாசகர், சென்னை

ரிப்போர்ட்டில் ‘ஐஜிஜி’ என்று இருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த எதிர்ப்புப் பொருள் நாம் அடிக்கடி சாப்பிடும் எதற்கும் உண்டாகும். அது ஒவ்வாமைக்குச் சான்று இல்லை. ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் பொருளான ‘ஐஜிஇ’ என்றாலும் எண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. எதைத் தின்றான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்ற குறிப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை மருத்துவரிடம் அந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். முன்பு பிரச்சினை இல்லாமல் தின்றவற்றை அவர் திரும்பச் சேர்க்கச் சொல்வார்.

மகளுக்கு நிலக்கடலை ஆகாது. செக்குக் கடலை எண்ணெயும் ஆகாதா?
– வாசகி, ஈரோடு

செக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. அதில் புரதம் தங்கியிருக்கும். எள் ஒவ்வாமைக்குச் செக்கு நல்லெண்ணெயும் அப்படியே. மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், நேற்றைய கடலைச் சட்னி அதனடியில் இருக்கும். வெளியே வெள்ளைச் சட்னியை நம்பாதீர்கள், தேங்காயோடு நிலக்கடலை சேர்ப்பது சகஜம்.

தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், தொடர் வாந்தி, மயக்கம் எது வந்தாலும் 108. காலை உயர்த்திப் படுக்கவையுங்கள், மூச்சு முட்டினால் உட்காரவிடுங்கள், நடக்கவிடாதீர்கள். வேலை செய்யும் மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான சிரப் மூச்சைத் திறக்காது, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தணிந்தபின் சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஊசி வைத்திருப்பது பற்றி இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

சோள ரொட்டி தட்டும்போதே விரிகிறது. மதியம் டப்பாவைத் திறந்தால் அட்டையாகிவிடுகிறது.
– வாசகி, சேலம்

மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் சோளத்தில் இல்லை. வெந்த மாவுச்சத்தைத்தான் பசையாக்க வேண்டும். ஒரு கப் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பை அணைத்து ஒரு கப் மாவைக் கொட்டிக் கிளறி 10 நிமிடம் மூடுங்கள். சூடு ஆறுவதற்குள் ஈரக்கையால் 5 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஓரம் விரிந்தால் தண்ணீர் போதவில்லை அல்லது மாவு ஆறிவிட்டது. எப்படிப் பிசைந்தாலும் விரிகிறதென்றால் மாவு பழசு.

டப்பாவுக்கு என்றால் மாவோடு ஒரு சிறிய உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்த்து, தண்ணீரைக் கால் கப் குறைத்துக்கொள்ளுங்கள். வாழையிலையில் தட்டிச் சுட்டதும் தட்டில் ஆறவிடாமல், சூட்டோடு பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். நேராக எவர்சில்வரில் வைத்தால் ஆவி நீராகி அடி ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும், மேல் ரொட்டி காய்ந்துவிடும்.