பெரிய கோயில் கல்வெட்டு வரியை அதே எழுத்தில் பனையோலைச் சுவடியாக வீட்டிலேயே செய்ய முடியுமா?

சோழர் வரலாற்று ரசிகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: இராசராசன் கல்வெட்டில் சில வரிகளை அந்தக் காலத்து எழுத்திலேயே ஓலையில் எழுதி, கயிறு கட்டிய சுவடியாகச் செய்ய வேண்டும், பொருள் எங்கே கிடைக்கும், எங்கே சொதப்பும்?

முடியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவருக்கு இது கூடுதல் எளிது. களிமண், தெர்மாகோல் என்று போவதைவிட ஓலைதான் சரியான தேர்வு என்பேன். ஏனென்றால் சோழர் ஆட்சியில் மூல ஆவணம் ஓலைதான். அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை (அரசாணை எழுத்தர்) ஓலையில் எழுதுவார், அவருக்கு மேலதிகாரியான திருமந்திர ஓலைநாயகம் ஒப்புவார், வரிப்பொத்தகம் என்ற வரிக் கணக்குப் பதிவேட்டில் ஏறும். அதற்குப் பிறகுதான் கல்லுக்கோ செம்புக்கோ போகும். நாம் இன்று கோயில் சுவரில் பார்ப்பது நகல். அந்த ஓலைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதால், நீங்கள் செய்யப்போவது காணாமல் போன மூலத்தின் ஊகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தாமாகவே வரும்.

முதலில் வாசகம். இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு (1010) கல்வெட்டில், 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று தொடங்கி, கல்லிலே வெட்டுக என்று முடியும் பகுதி எல்லோருக்கும் பிடித்தது. அளவும் சுவடிக்குத் தோதானது. பாடத்தைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து எடுங்கள். இணையத்தில் சுற்றும் படங்களிலிருந்து எடுக்காதீர்கள்; அவற்றில் 'கொடுத்தன' என்று யாரோ திருத்தியிருப்பார்கள். கல்லில் இருக்கும் எழுத்துக்கூட்டல் எதையும் நீங்கள் திருத்தக் கூடாது. ஆண்டை எண்ணால் எழுதுவதானால் 26 என்பது ௨௰௬, அதாவது இரண்டு, பத்து, ஆறு. ௨௬ என்று எழுதினால் தெரிந்தவர் உடனே சிரித்துவிடுவார்.

கல்லை நேரில் பார்க்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் வேண்டும். உச்சிவெயிலில் எழுத்தின் குழி தெரியாது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். பெரிய கோயிலும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. மைப்படி (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுக்கும் நகல்) எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் ஒரு நல்ல புகைப்படம் போதும்.

எழுத்து வடிவத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இன்றைய அச்செழுத்தைக் கொஞ்சம் வளைத்து எழுதினால் சோழர் எழுத்து ஆகிவிடாது. அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். இரட்டைச் சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்துத் திருத்தம். அது உங்கள் ஓலையில் வந்தால் ஏழு நூற்றாண்டு தாண்டிவிட்டீர்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. கல்வெட்டின் தொடக்கத்து 'ஸ்வஸ்திஸ்ரீ' கிரந்தம், அதாவது வடமொழிக்கு வழங்கிய எழுத்து. கூட்டெழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கி வரும், அதைத் தனியாகப் பழகுங்கள். இன்னொன்று: கல்லெழுத்தை அப்படியே பார்த்து வரையாதீர்கள். உளி போகும் வழி வேறு, எழுத்தாணி போகும் வழி வேறு. செப்பேட்டு எழுத்துதான் கையெழுத்துக்கு நெருக்கம். ஆனைமங்கலம் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு, கரந்தைச் செப்பேடு ஆகியவற்றின் நிழற்படங்களை வைத்து எழுத்து அட்டவணை ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுவடிகளைப் பார்த்து ஓலையின் அளவையும் கட்டும் முறையையும் கற்கலாம். எழுத்தைக் கற்க முடியாது. நம்மிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை மிகப் பிற்காலத்தவை. அடிப்படையாகப் படிக்க வேண்டுமென்றால் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், ஓலைச்சுவடி இரண்டுக்கும் துறை உண்டு.

இனி ஓலை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பனை தாராளம். ஆற்றங்கரை, வாய்க்கால் கரைகளிலும் உண்டு. மரக்காரரிடம் சொல்லி, குருத்துக்கு அடுத்ததாக அண்மையில் விரிந்த ஓலையை வெட்டித் தரச் சொல்லுங்கள். குருத்தோலை காய்ந்ததும் சுருங்கிக் காகிதம்போல மெலியும், எழுத்தாணி ஓட்டை போட்டுவிடும். முற்றிய ஓலையில் நரம்பு தடித்து, கோடு நரம்பில் ஏறி வழுக்கும். விசிறியின் நடுப்பகுதி இதழ்களை மட்டும் எடுங்கள், ஓரத்தவை குட்டை. ஈர்க்கை உருவினால் ஒவ்வோர் இதழும் இரண்டு துண்டாகும். 3 முதல் 4 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கிடைத்தால் போதும். பத்து ஏட்டுச் சுவடிக்கு முப்பது துண்டாவது தயார் செய்யுங்கள். மூன்றில் ஒன்றுதான் குறையில்லாமல் தேறும்.

நேரம் முக்கியம். தை முதல் சித்திரைக்குள் இந்த வேலையை முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் ஈரத்தில் ஓலை காயவே காயாது. பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாக உள்ளே இறங்கும், துடைத்தாலும் போகாது.

துண்டுகளை நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, தளர்வாகச் சுருட்டிக் கட்டி, பெரிய பாத்திரத்தில் மூழ்க வேகவையுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள். அரை மணி முதல் முக்கால் மணி வரை. பச்சை வாடை போய், ஓலையை விரலில் சுற்றினால் விறைக்காமல் சுற்றிவரும், அதுதான் பதம். அதற்கு மேல் வெந்தால் மேல்தோல் செதிலாக உரியும், எழுதும்போது நார் தூக்கும். எடுத்து நிழலில் உலர்த்தி, ஓரிரண்டு இரவு பனியில் போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே இரண்டு பலகைக்கு நடுவில் கனம் வைத்து ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் குழலாகச் சுருளும். சுருண்டதை நிமிர்த்தினால் நரம்பு வழியே பிளக்கும்.

பிறகு சங்கால் அல்லது வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல்லால் இரண்டு பக்கமும் நரம்பு போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஓலையைப் பாடம் செய்வதில், அதாவது எழுதப் பக்குவப்படுத்துவதில், அலுப்பான கட்டம் இதுதான். இங்கே சோம்பினால் மை பூசும்போது பழிவாங்கும்: தேய்படாத இடத்தில் கரி தங்கி ஏடு முழுதும் சாம்பல் நிறமாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். அது மேல்தோலைக் கீறிவிடும், கீறல் எல்லாமே எழுத்தாகத் தெரியும்.

துளை எழுதுவதற்கு முன்பே போட வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே அளவுக்கு வாரி (ஓரம் சீவி) அடுக்கி, இரண்டு முனையிலிருந்தும் கால் பங்கு நீளத்தில் ஒவ்வொரு துளை. துளைப்பானால் குத்தினால் நரம்போடு கிழியும். பழுக்கக் காய்ச்சிய 3 மில்லிமீட்டர் கம்பியால் சுட்டுத் துளையுங்கள். துளையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வெறுமையாக விட்டு எழுத வேண்டும், கயிறு உரசும் இடம் அது.

எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை உண்டு. வாரெழுத்தாணியின் மறுமுனையில் ஓலை வாரும் கத்தி இருக்கும். தொடங்குபவருக்குத் தலை கனத்த குண்டெழுத்தாணி நல்லது, அதன் எடையே பாதி அழுத்தத்தைக் கொடுத்துவிடும். கடையில் விற்கும் அலங்கார எழுத்தாணிகளின் முனை எழுத உதவாது. 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, அதற்கு நாச்சியார்கோயில் பக்கத்துக் கடைசல் பட்டறையில் பித்தளைப் பிடி, மொத்த நீளம் 15 சென்டிமீட்டர் என்று செய்துகொள்ளலாம். முனையைச் சாணைக்கல்லில் கூம்பாகத் தீட்டி, கடைசியில் தோல்வாரில் இழுத்து உச்சியை ஒரு மயிரிழை மழுக்குங்கள். ஊசிமுனை வெட்டும், நமக்கு வேண்டியது வெட்டு இல்லை, பள்ளம்.

எழுதும்போது எழுத்தாணி நகராது, ஓலைதான் நகரும். இடக்கையில் ஓலை, அதன் கட்டைவிரல் எழுத்தாணியின் அடியைத் தாங்கும், ஓலை இடப்பக்கமாக ஊர்ந்துகொண்டே போகும். மேசையில் வைத்துப் பேனாபோல எழுதவும் செய்யலாம், ஆனால் சுழிகள் உடைந்து உடைந்து வரும். நரம்பு கிடையாக ஓடுவதால் கிடைக்கோட்டை அழுத்தினால் ஓலை பிளக்கும். ப, ட, ம போன்ற எழுத்துகளின் அடிக்கோட்டில் கையை இலேசாக்குங்கள்; நெடுக்குக்கோட்டில் அழுத்தலாம். 3 சென்டிமீட்டர் அகலத்தில் முதலில் நான்கு வரி போதும். கை பழகினால் ஆறேழு வரிக்குப் போகலாம். ஓலை மொடமொடவென்று இருந்தால் முந்தின இரவு ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இடது ஓரத்தில் ஏட்டு எண்ணைத் தமிழ் எண்ணில் இடுங்கள். பிழையானால் அழிக்க வழியில்லை, அந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

எழுதி முடித்ததும் ஏடு வெறும் கீறலாகத்தான் தெரியும். அடுத்தது மையாடல். நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை, கோவையிலைச் சாற்றில் குழம்பாகக் குழைத்து, துணியால் எழுத்தின் மேல் அழுத்தித் தேயுங்கள். ஒரு நிமிடம் கழித்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஊமத்தையிலைச் சாறும் வழக்கில் உண்டு. அது நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொடவேண்டாம். கடை இங்க் ஊற்றினால் நார் வழியே பரவி எழுத்து மீசை முளைத்து நிற்கும். எண்ணெய் கூடினாலும் தூசி ஒட்டும்.

கட்டுவது எளிது. மேலும் கீழும் ஏட்டின் அளவுக்கே மரச்சட்டம். ஒரு துளையில் மூங்கில் குச்சி அல்லது செப்புக் கம்பி. அதற்கு நாராசம் என்று பெயர். மற்றதில் பருத்திக் கயிறு. கயிற்றின் நுனியில் ஓலையைக் கிளிமூக்காக நறுக்கிக் கோத்தால் சுற்றிச் செருக வசதி. கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், மழைக்காலத்தில் ஓலை உப்பி விளிம்பு கிழியும். பெட்டியில் வசம்புத் துண்டு போடுங்கள், இராமபாணப் பூச்சி அண்டாது. ஆண்டுக்கொருமுறை எலுமிச்சைப்புல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவலாம்.

முழுச் சுவடி மலைப்பாக இருந்தால் குடவோலையில் (ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் இட்ட பெயரோலை) தொடங்குங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு முறைப்படி ஒரு குடம், நறுக்கிய சிறு ஓலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மீந்த துண்டுகளே போதும், துளையும் கட்டும் தேவையில்லை.

தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தைக் கருக்கி 'பழசாக்கும்' வேலை வேண்டாம். அதிகாரி கையில் இருந்த ஓலை அன்று புத்தம் புதியது, வெளிர் மஞ்சள்தான். கடைசி ஏட்டில் இன்ன வருஷம், இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்று பழைய வழக்கப்படியே எழுதிவையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாறு, இலக்கியம் போன்ற மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த சுவடி தொல்பொருள். உங்களுடையதை யாரும் அப்படி நினைத்து விற்கவோ வாங்கவோ இடம் தரக்கூடாது.