தூண்டிலின் கடைசி ஒரு முழம்: மீன்பிடிச் சாமான் வாங்குவோர் கேள்வி-பதில்

இங்கிலாந்தில் குளம், கால்வாய், ஆறு என்று தூண்டில் போடத் தொடங்கியிருக்கும் நம்மவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள். சால்மன், ட்ரௌட் தவிர்த்த மற்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பதை இங்கே கோர்ஸ் ஃபிஷிங் என்பார்கள். கேள்விகள் எல்லாம் அதைப் பற்றித்தான். ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, என் மகனுக்கு 11 வயது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தாத்தா வாய்க்காலில் தூண்டில் போடக் காட்டிக்கொடுத்தார். இங்கே வந்தும் அதே ஞாபகம். இணையத்தில் 38 பவுண்டுக்கு ஒரு செட் இருக்கிறது: மடக்கு ராட் (தூண்டில் கழி), நரம்பைச் சுற்றிவைக்கும் 13 பேரிங் ரீல், தூண்டில் நரம்பு, ஒரு பை, பெட்டி நிறையச் சாமான், மொத்தம் 150 உருப்படி. வாங்கலாமா? (ஹாரோ வாசகர்)

வேண்டாம். நானும் அப்படி ஒரு செட்டில்தான் தொடங்கினேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்: ரப்பர் புழு, பளபளக்கும் தகடு, மூன்று முனை உள்ள கொக்கி. எல்லாம் பைக் மாதிரி வேட்டையாடித் தின்னும் மீனுக்கு. உங்கள் பையன் முதலில் பிடிக்கப்போவது ரோச், ரட் போன்ற உள்ளங்கை அகல மீன்கள். ரோச்சின் வாய் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். என் பெட்டியில் இருந்ததிலேயே சின்னத் தூண்டில் முள்கூட அதற்குள் நுழையாது. போதாததற்கு அத்தனையும் பார்ப் உள்ள முள், அதாவது நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து ஒரு பிசிறு நிற்கும் முள். காசு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க விடும் குளங்களில் பெரும்பாலானவற்றில் அதற்கு அனுமதியே இல்லை, பின்னல் நரம்புக்கும் பல இடங்களில் இல்லை. ஆக 150 உருப்படியில் உங்களுக்கு உதவுவது பையும், ஒருவேளை பெட்டியும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். நல்ல நான்கு பேரிங் போட்ட ரீல், மட்டமான பதின்மூன்று போட்டதைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

உங்கள் பையனுக்கு ரீலே தேவையில்லை. நம் ஊரில் மூங்கில் கழி நுனியில் நரம்பைக் கட்டி மயிலிறகுக் காம்பைத் தக்கையாகப் போடுவோமே, கிட்டத்தட்ட அதே சாமான் இங்கே ‘விப்’ என்ற பெயரில் கிடைக்கிறது. மூங்கிலுக்குப் பதில் கார்பன் அல்லது ஃபைபர் கிளாஸ், நான்கு மீட்டர் நீளம் போதும். நான் வாங்கியது 18 பவுண்டு. நரம்பைக் கழியின் நீளத்துக்கே, இல்லாவிட்டால் ஒரு சாண் குறைத்து, கட்டிக்கொண்டால் தூக்கும்போது மீன் நேராகக் கைக்கு வரும். தாத்தா சொல்லிக்கொடுத்த வித்தை அப்படியே செல்லும், பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. மயிலிறகுக் காம்புத் தக்கையும் இங்கே உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் ‘வாக்லர்’ தக்கை செய்தார்கள், இப்போதும் சிலர் செய்கிறார்கள்.

மிச்சம் பிடித்த காசை எங்கே போடுவது என்று கேட்டால், கடைசி ஒரு முழத்தில் போடுங்கள். முள், முள்ளைக் கட்டிய மெல்லிய நரம்பு, அதற்கு மேலே ஒன்றிரண்டு எடைக்குண்டு. மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதானே. இங்கே முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். புழுவுக்கு 18ஆம் எண், பார்ப் இல்லாதது, ஏற்கனவே நரம்பில் கட்டி விற்கிற பாக்கெட்டாக நல்ல நிறுவனத்தினுடையதை வாங்குங்கள். மேல் நரம்பு 3 பவுண்டு இழுவை தாங்குவது என்றால் முள் கட்டிய நரம்பு 2 பவுண்டாக இருக்கட்டும். பெரிய மீன் மாட்டி அறுந்தாலும் அந்த ஒரு முழத்தில்தான் அறும், மீன் தக்கையையும் நீள நரம்பையும் இழுத்துக்கொண்டு திரியாது. அதனால்தான் விப்போடு போகும்போது பெரிய கார்ப் (கெண்டை) விட்ட குளம் வேண்டாம் என்கிறேன். சின்ன மீன் நிறைய உள்ள குளமாகக் கேட்டுப் போங்கள்.

தீனிக்கு மேகட் புழு. கடையில் பைன்ட் கணக்கில் அளந்து போடுவார்கள், அரை பைன்ட் ஒரு பகலுக்குத் தாராளம். மீந்ததைக் குளிரில் வைத்தால் சில நாள் இருக்கும், வெளியே வைத்தால் சீக்கிரம் கூடு கட்டிவிடும். அப்புறம் மீன்பிடி லைசென்ஸ்: 13 வயதுக்குக் குறைவு என்பதால் பையனுக்குத் தேவையில்லை. 13 முதல் 16 வரை இலவசம்தான், ஆனாலும் எடுத்தாக வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சரி, ஒருமுறையாவது கழியை வாங்கிப் போட்டுக்காட்டப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் போட்டுக்காட்டுவீர்கள், ஆகவே எடுத்துவிடுங்கள்.

11 அடி ஃபீடர் ராட் (தீனிக் கூடையைச் சேர்த்து வீசும் கழி) ஒன்று கடையில் 65 பவுண்டுக்கு வாங்கி நான்கு வாரம் ஆகிறது. இரண்டு முறை நரம்பு காரணமில்லாமல் அறுந்தது. பார்த்தால், நரம்பு ஓடும் நுனி வளையத்துக்குள் கீறல். கடைக்காரர் “இது கம்பெனி விவகாரம், அவர்களுக்கு எழுதுங்கள்” என்கிறார். என்ன செய்யலாம்? (லெஸ்டர் வாசகர்)

முதலில் இன்று தேதியைப் பாருங்கள். நான்கு வாரம் என்றால் 28 நாள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பிக்கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க உங்களுக்கு 30 நாள் இருக்கிறது. இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சல் போதும். “இந்தத் தேதியில் வாங்கினேன், நுனி வளையத்தில் கீறல் இருக்கிறது, ராடை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று நான்கு வரி, கூடவே படம். உங்களிடம் காசு வாங்கியவர் கடைக்காரர், எனவே பொறுப்பும் அவருடையதுதான். கம்பெனியின் உத்தரவாதம் அதற்கு மேல் கிடைக்கும் தனிச் சலுகை, அதைக் காட்டி அவர் விலகிக்கொள்ள முடியாது.

30 நாள் தாண்டினாலும் வழி அடைபடாது. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். சரிசெய்யவோ மாற்றித்தரவோ அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் பணம் கேட்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால் குறையே இல்லாவிட்டாலும், பொருள் வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். தனியாள் ஒருவரிடம் பழைய ராட் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. அவர் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்க முடியும்.

எனக்கும் இது நடந்தது. ஒரு ஜூன் மாத விடியலில், தக்கையைச் சுற்றி ஊசி முனை அளவுக் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. டெஞ்ச் மீன் அடிமண்ணைக் கிளறித் தின்கிறது என்று அர்த்தம். தக்கை சரிந்தது, இழுத்தேன், இருபது நொடி கழித்து நரம்பு லேசாகிவிட்டது. மூன்று மீன் அப்படிப் போயின. என் முடிச்சைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றினேன். ஆறு வளையம் வழுவழுவென்று போயிற்று. ஏழாவதில் பஞ்சு இழை ஒன்று பிடித்துக்கொண்டு நீண்டு வந்தது. உள்ளே பீங்கான் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. மூன்று டெஞ்சும் வாயில் முள்ளோடு போயினவே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அன்றிலிருந்து ராட் வாங்கப் போனால் பையில் நாலு பஞ்சுக் குச்சி இருக்கும். கடையில் வைத்தே விட்டுப் பார்ப்பேன், நல்ல கடைக்காரர் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கடைக்காரரிடமும் அந்தப் பஞ்சிழையைப் படமெடுத்து அனுப்புங்கள்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆனாலும் குளத்தில் 10 பவுண்டு கேட்டார்கள். இது ஏமாற்றா? (க்ராலி வாசகர்)

இல்லை, இரண்டும் வேறு. லைசென்ஸ் அரசுக்கு, அதை எடுக்காமல் பிடித்தால் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம். நாள் டிக்கெட் அந்தக் குளத்துக்காரருக்கு. கால்வாய்க்கும் அப்படித்தான், எந்தச் சங்கத்தின் பகுதி என்று கரையில் பலகை இருக்கும். லைசென்ஸை அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், தேடலில் மேலே விளம்பரமாக வருவதைத் தொடாதீர்கள். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கவே கூடாது. அந்த மூன்று மாதத்துக்கு யாராவது ஆற்று டிக்கெட் விற்றால் வாங்க வேண்டாம்.

ஊரிலிருந்து ஈயக்குண்டு ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். பயன்படுத்தலாமா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

கூடாது. 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டு இங்கே 1987இலிருந்து தடை. அன்னங்கள் இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும்போது கரையில் சிந்திய குண்டையும் சேர்த்து விழுங்கி, ஈய நஞ்சேறிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஈயமில்லாத குண்டு சின்ன டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். ஈயத்தைவிடக் கொஞ்சம் கடினம், நரம்பில் வைத்துப் பல்லால் கடிக்காமல் குறடால் மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் நரம்பு நசுங்கி அந்த இடத்திலேயே அறும்.

டிக்கெட் எடுத்து, நாலு கிலோ கார்ப் ஒன்று பிடித்தேன். வீட்டுக்கு எடுத்துப்போக விடவில்லை. காசு கொடுத்தது மீனுக்குத்தானே அண்ணா? மனைவி மசாலா அரைத்து வைத்திருந்தாள். (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது தம்பி. நாம் வளர்ந்த இடத்தில் தூண்டில் என்றால் அன்றைய குழம்பு. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட எனக்கும் முதல் வருடம் முழுக்கக் கை வரவில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த காசு பிடிப்பதற்கு, மீனுக்கு இல்லை. அந்த மீன் குளத்துக்காரர் காசு கொடுத்து வாங்கி விட்டது. எடுத்துப்போனால் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகிவிடும். ஆற்றிலும் கார்ப் போன்ற மீன்களில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்ன மீன் 15 வரைதான் விதி இடம் கொடுக்கிறது, அதற்கும் அந்தக் கரைக்குரியவர் அனுமதி வேண்டும். நாலு கிலோ கார்ப் அதில் எங்கும் அடங்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். கென்ட்டில் கானிங்புரூக் ஏரியில் ‘டூ-டோன்’ என்று பெயர் வைத்த ஒரு கார்ப் இருந்தது. பல ஆண்டுகளாகப் பலர் பிடித்துப் பிடித்து விட்டார்கள். 2008இல் அது 67 பவுண்டு 14 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 31 கிலோ எடையோடு பிரிட்டனின் சாதனை மீனாக இருந்தது. 2010இல் இயற்கையாகச் செத்தது. முதலில் பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் மற்ற யாருக்கும் அது கிடைத்திருக்காது. உங்கள் நாலு கிலோ மீனும் ஏற்கனவே எத்தனை பேர் கைக்கு வந்ததோ, நீங்கள் விட்டதால் அடுத்தவருக்கும் வரும்.

இதற்காக இரண்டு பொருளுக்குச் செலவு செய்யுங்கள். ஒன்று, முடிச்சு உரசாத ரப்பர் பூச்சுள்ள கைவலை. இரண்டு, கரையில் விரிக்கும் மெத்தைப் பாய், அதை நன்றாக நனைத்துவிட்டு மீனைக் கிடத்த வேண்டும். மீனைத் தொடுமுன் கையையும் நனையுங்கள். அதன் மேலே வழவழப்பாக இருப்பதுதான் நோய் தொற்றாமல் காக்கும் உறை, காய்ந்த கை பட்டால் அது உரிந்து வந்துவிடும். முழங்கால் போட்டு, பாயை ஒட்டித் தாழப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் அது தானாக வாலை அடிக்கும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு விடுங்கள்.

குழம்புக்கு, உங்கள் பக்கத்திலேயே கிரீன் ஸ்ட்ரீட் மீன் கடைகளில் ரோகு கிடைக்கும். அதுவும் கெண்டை இனம்தான். வயிற்றுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.