தாய்மாமன் சீரும் மறு அடகும்

கேள்வி: எனக்கு வயது 44. ஆலங்குடிக்கு அருகில் வசிக்கிறேன். மாதச் சம்பளம் 42,000 ரூபாய். இரண்டு அக்காமாரின் பிள்ளைகளுக்கும் காதுகுத்து, சடங்கு என்று தாய்மாமன் சீர் செய்வதற்காக, மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த 10 பவுன் நகையை 2021-இல் ஒன்றரை லட்சத்துக்கு வங்கியில் அடகு வைத்தேன். ஆண்டுதோறும் திருப்பி வைத்ததில் கடன் 5 லட்சமாகிவிட்டது. தையில் மூத்த அக்கா மகளுக்குத் திருமணம். 2 பவுன் எதிர்பார்க்கிறார்கள். அதே நகையின் மேல் இன்னும் இரண்டரை லட்சம் வாங்கிச் செய்துவிட்டு, ஆடியில் மொய் விருந்து வைத்து அடைத்துவிடலாமா? செயலியில் டிஜிட்டல் தங்கம் சேர்க்கலாமா? மனைவி இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை.

பதில்: தாய்மாமன் சீரின் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அதைச் செய்வதில் தவறும் இல்லை. தங்கம் விலை ஏறிய ஒவ்வோர் ஆண்டும் நகையைத் திருப்பி வைத்து, கூடுதலாகக் கிடைத்த தொகையை எடுத்துக்கொண்டீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கவிழ்க்கிறது. நகை ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. கடன் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. மதிப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குவரை வங்கி தருவதால் அது வருமானம் போலத் தோன்றுகிறது. விலை இறங்கிய ஆண்டில் மறு அடகுக்குப் போனால் குறைந்த தொகைதான் கிடைக்கும்; வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

வட்டியைப் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 50,000. ஏழரை லட்சமானால் 75,000, அதாவது மாதம் 6,250. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், சம்பளத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

மொய் விருந்து இதற்கு வழியல்ல. பந்தல், கறி விருந்து, பத்திரிகைச் செலவு போக மிஞ்சுவதில், நீங்கள் முன்பு செய்த மொய் திரும்பி வருவது ஒரு பகுதிதான். மீதியெல்லாம் அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடுதல் சேர்த்துச் செய்ய வேண்டிய புதுக்கடன். மணமக்களுக்கு வரும் திருமண மொய்க்கு வருமான வரி கிடையாது. ஆனால் மற்ற விசேஷங்களில், வரிச் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானமாகக் கருதப்படும். டிஜிட்டல் தங்கமோ தன் கண்காணிப்பில் இல்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியே எச்சரித்திருக்கிறது. இருக்கும் தங்கத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் செயலியில் தங்கம் வாங்குவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது கடைசி வரி. உறவு விட்டுப்போகக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தீர்கள். கழுத்து நகை வங்கியில் இருப்பதால் உங்கள் மனைவி அந்த உறவுகள் கூடும் இடத்துக்கே வராமல் ஒதுங்குகிறாரோ என்று அஞ்சுகிறேன். ஆகவே முதல் பேச்சு அவரிடம்தான். அவர் மனதார ஒப்பினால், இன்றைய விலையில் 3 பவுனை விற்றுக் கடனில் கட்டுங்கள். பவுன் 90,000 என்று கையில் வந்தாலும் கடன் 2.3 லட்சமாக இறங்கும். மாதம் 8,000 வீதம் கட்டினால் மூன்றாண்டுகளுக்குள் தீரும். நகை அவருடையது, விற்ற லாபமும் அவருடையதே; வேறு வருமானம் இல்லாதவர் என்றால் வரி அநேகமாக வராது. பத்து பவுனும் ஒரே கடனில் இருந்தால், சிறு கடன்களாகப் பிரித்துத் தருமாறு வங்கியில் கேளுங்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாக மீட்க முடியும்.

அக்கா மகளுக்கு ஒரு பவுனும் பட்டும் போதும். அந்தப் பவுனையும் கடையில் வாங்காமல், உங்கள் மனைவி சம்மதித்தால், மீட்ட நகையிலிருந்தே கொடுத்தால் செய்கூலியும் சேதாரமும் மிச்சம். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அக்கா வீட்டுக்கு நேரில் போய், கணக்கைக் காட்டி இதைச் சொல்லிவிடுங்கள். சபையில் தட்டைப் பார்த்த பிறகுதான் தெரிய வந்தால், அந்த மனத்தாங்கல் எளிதில் ஆறாது.