பதில்: 48 வயதில் பழைய ஃபேஸ்வாஷ் எரிகிறது, முகம் உரிகிறது

வணக்கம் சகோதரி. இருபதுகளிலிருந்து போடும் சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் இப்போது எரிகிறது, போன மாதம் தொடங்கிய ரெட்டினாலை (சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருள்) தினமும் பூசியதில் மூக்கோரம் உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபேஸ்வாஷ் அதேதான், தோல்தான் மாறியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது தோல் வறண்டு மெலியும், தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் புரதமும் வேகமாகக் குறையும். எண்ணெய் வழிந்த வயதுக்கு வாங்கியது, இப்போது இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் எடுத்துவிடுகிறது.

எரிச்சல் அடங்கும்வரை இரண்டையும் நிறுத்துங்கள். அதிகம் நுரைக்காத, வாசனை சேர்க்காத க்ளென்சர், அதுவும் இரவில் மட்டும். காலையில் வெறும் தண்ணீர் போதும். முகத்தில் ஈரம் இருக்கும்போதே செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு), கிளிசரின் உள்ள க்ரீம் பூசுங்கள்.

ரெட்டினாலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் உள்ள சில பொருட்களில் அது ஒன்று. தோல் தேறியதும் வாரம் 2 இரவு, முகம் முழுக்கச் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு. முதலில் க்ரீம், அதன்மேல் ரெட்டினால். மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் வேண்டாம். பலன் தெரியக் குறைந்தது 3 மாதம் ஆகும், பொறுங்கள்.

நீங்கள் எழுதிய பட்டியலில் சன்ஸ்கிரீனே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. வீட்டுக்குள் இருந்தாலும் வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் ட்யூபில் எழுதியிருக்கும் பாதுகாப்பு அளவு) 30க்குக் குறையாமல் தினமும் போடுங்கள், கழுத்துக்கும் சேர்த்து.

ஒரு மாதமாகியும் சிவப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் சிவக்கும் ரோசேசியா என்ற தோல் நோயும் இப்படித்தான் எரியும்.